மந்தர ஸ்தாயியில் ஒரு கிர்ர்ர்

எங்கள் வீட்டு லேப்டாப் எல்லாப் பாடகர்களோடும் ஒத்துப்போகும், எம்.டி.ராமநாதன் ஒருவரைத் தவிர. மற்றவர்கள் பாடும்போது தான் இருக்கும் இடமே தெரியாமல் இருக்கும். எம்.டி.ஆர். அவசரமே இல்லாமல், மத்திய ஷட்ஜத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, மந்தர பஞ்சமத்தில் வந்து நிற்பார். நின்றதும் இடது பக்கத்திலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு துணைக்குரல் கிளம்பும். அவர் நிறுத்தும்வரை அதுவும் நிறுத்தாது. 1984-இல் மறைந்த அந்த மேதை, தம் காலத்தில் எத்தனையோ பக்கவாத்தியக்காரர்களோடு மேடையில் உட்கார்ந்திருப்பார். ஒரு பிளாஸ்டிக் மூடி தன்னோடு சேர்ந்து பாடும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

வீட்டில் இதற்கு உடனடியாகத் தீர்வுகள் சொல்லப்பட்டன.

"ஏங்க, அவர் பாடினாத்தானே சத்தம் வருது? எம்.எஸ். கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"அப்பா, ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிடு. இல்லேன்னா ஹெட்போன் மாட்டிக்கோ. எங்களுக்கும் நிம்மதி" என்றாள் மகள்.

இரண்டுமே நியாயமான யோசனைகள். அதனால்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். பதினேழு பைசா வித்தியாசத்துக்காக ஒரு சங்கத்தின் பேரேடுகளை இராத்திரி பதினோரு மணிவரை புரட்டியவன். செயலாளர் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்து, "சார், மீதியை நீங்களே வெச்சுக்குங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கெஞ்சினார். நான் மசியவில்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து, கிர்ர்ர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமலேயே புது ஸ்பீக்கர் வாங்கு என்றால், அது வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காமல் தள்ளுபடி செய்வதற்குச் சமம்.

முதலில் விஷயத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க, லேப்டாப்பிலிருந்து எம்.டி.ஆர். கேட்பதே பெரிய அதிசயம் என்று தெரிந்தது. உள்ளே இருப்பவை இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 2 வாட் சக்தி. சவ்வின் அகலம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலே பெரிய காரியம். அது முன்னும் பின்னும் ஆடுவதற்குக் கிடைக்கும் இடமோ ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். கீழ்ஸ்தாயி கேட்க வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரு ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே அளவு சத்தத்துக்குச் சவ்வு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். இரண்டு ஸ்தாயி இறங்கினால் பதினாறு மடங்கு. மில்லிமீட்டரில் குடித்தனம் நடத்துகிற சவ்வு பதினாறு மடங்குக்கு எங்கே போகும்? பெரும்பாலான லேப்டாப் ஸ்பீக்கர்கள் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல நழுவிக்கொள்கின்றன. ஆண்கள் சாதாரணமாகப் பேசும் குரலே 100 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் நிற்கிறது. எம்.டி.ஆர். மந்தரத்தில் நிற்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் எப்படிக் கேட்கிறது? குரலில் அடி அதிர்வெண் மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேல்சுரங்களும் கூடவே வருகின்றன. ஸ்பீக்கர் அடியை விழுங்கிவிட்டு மேல்சுரங்களை மட்டும் துப்பினாலும், நம் மூளை அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டு, விட்டுப்போன அடியைத் தானே எழுதி நிரப்பிக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கரில் பெரிய ஒலி வருகிற மாதிரிக் காட்டும் மென்பொருள்களில் சில இந்த ஏமாற்றை வைத்தே பிழைக்கின்றன. ஆகவே இத்தனை காலம் நான் உருகி உருகிக் கேட்ட எம்.டி.ஆரின் மந்தரத்தைப் பாடிக்கொண்டிருந்தது என் மூளைதான். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக் குழுவிலிருந்து "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லி ஓரமாக நிறுத்தப்பட்ட அதே மூளை. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அப்ப அந்தக் கிர்ர்ரும் உங்க மூளையிலேருந்துதான் வருதோ என்னவோ" என்ற பதில் வந்தது.

இல்லை. அது ஒத்ததிர்வு. எந்தத் தகட்டுக்கும், எந்த மூடிக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. விறைப்புக் கூடினால் அது ஏறும். எடை கூடினால் இறங்கும். அதே அதிர்வெண்ணில் யாராவது மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், தாறுமாறாக ஆட ஆரம்பித்துவிடும். ஆடுகிற விளிம்பு பக்கத்தில் உள்ள எதன்மீதாவது இடித்தால் கிர்ர்ர்.

இந்த ஒத்ததிர்வு என்னைப் போன்ற பென்ஷன்காரர்களை மட்டும் படுத்தவில்லை என்று தெரிந்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. மைக்ரோசாஃப்டில் நீண்ட காலமாக வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2022-இல் ஒரு பழைய கதையை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை. ஜேனட் ஜாக்சன் 1989-இல் பாடிய 'ரிதம் நேஷன்' பாட்டின் வீடியோவை ஓடவிட்டால், ஒரு பெரிய கம்பெனியின் சில லேப்டாப்புகள் படுத்துவிடுமாம். போட்டிக் கம்பெனிகளின் லேப்டாப்புகளும் சில படுத்தன. அதைவிட வேடிக்கை, ஒரு லேப்டாப்பில் பாட்டைப் போட்டால், எதையுமே போடாமல் பக்கத்தில் சிவனே என்று இருந்த இன்னொரு லேப்டாப்பும் படுத்தது. நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்றின் இயல்பு அதிர்வெண் அந்தப் பாட்டுக்குள் இருந்திருக்கிறது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பாட்டிலிருந்து அந்த அதிர்வெண்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் ஒரு ஃபில்டரை லேப்டாப்பில் சேர்த்துவிட்டது. கணினிப் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் இதற்கு ஒரு எண்ணே கொடுத்திருக்கிறார்கள், சி.வி.இ-2022-38392 என்று. ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

"அந்த கம்பெனி மாதிரி நீயும் எம்.டி.ஆரை ஃபில்டர் போட்டு எடுத்துடு" என்றாள் மகள். பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்காமல் கணினி சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான்.

ஃபோனில் டோன் ஜெனரேட்டர் என்று இலவசமாகக் கிடைக்கிறது. லேப்டாப்பிலும் அப்படி ஒன்றைப் பிடித்து 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை மெல்ல ஏறும் ஒரே ஒலியை ஓடவிட்டேன். மனிதக் காதின் முழு எல்லை அது. ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவில்லை; ஸ்பீக்கருக்குச் சக்தியில்லை. நடுவில் நன்றாகக் கேட்டது. 11,000-ஐத் தாண்டியதும் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகக் காபியை எடுத்தேன். உள்ளறையிலிருந்து மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "அப்பா, முதல்ல அதை நிறுத்து!" என்று கத்தினாள். எதை நிறுத்துவது? எதுவும் ஓடவில்லையே? வயசாக ஆக மேல்ஸ்தாயிதான் காதை விட்டு முதலில் போகும். லேப்டாப்புக்குக் கீழே கேட்கவில்லை, எனக்கு மேலே கேட்கவில்லை. நடுவில் இருப்பதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காலம் தள்ளுகிறோம்.

கிர்ர்ர் 190 ஹெர்ட்ஸை ஒட்டி வந்தது. எம்.டி.ஆர். 95-ஐ ஒட்டி நின்றால் அதன் இரட்டிப்பு சரியாக அங்கே போய் விழும். வித்தியாசத் தொகை கிடைத்துவிட்டது. எந்த வவுச்சரில் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு உலகத்திலேயே சிறந்த கருவி ஆள்காட்டி விரல். 190-ஐ நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எங்கே அழுத்தும்போது கிர்ர்ர் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. லேப்டாப்பின் முன்விளிம்பை அழுத்தினேன், நிற்கவில்லை. ஸ்பேஸ் பாரை அழுத்தினேன். ஒலியே நின்றது, கிர்ர்ரும் சேர்ந்து நின்றது. வெற்றிக் களிப்பில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எந்தப் பாட்டும் நிற்கும் என்று மகள் விளக்கினாள். திரையின் ஓரம், கீல், சார்ஜர் குத்தும் இடம் எல்லாம் அழுத்திவிட்டு, விரல் தன்போக்கில் மேசைக்கு வந்தது. அங்கிருந்த டபரா மேல் விரல் பட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

காபி குடித்துவிட்டு டபராவுக்குள் நிற்க வைத்த எவர்சில்வர் டம்ளர்! டம்ளரின் விளிம்பு டபராவின் உள்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் சாய்ந்து தொட்டுக்கொண்டிருந்தது. மேசை அதிர, டபரா அதிர, தொட்ட இடத்தில் டம்ளர் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. எம்.டி.ஆரைக் கேட்கும்போதெல்லாம் நான் காபி குடிப்பேன் என்பதால் இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தன. டம்ளரை எடுத்தேன். இப்போது மீதிப் பாதி தெளிவாகக் கேட்டது. மேசை டிராயரின் பித்தளைக் கைப்பிடி ஒரு பங்கு. சுவர் அலமாரியின் கண்ணாடிக் கதவு ஒரு பங்கு; அதற்குள் மகளின் பள்ளிக்கூடக் கேடயங்களும் போன கொலுவின் தசாவதாரமும் நெருக்கியடித்து நின்றன, அதில் வாமனர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கதவை ஒரு கையாலும் டிராயரை ஒரு காலாலும் அழுத்திக்கொண்டு, தலையைத் திருப்பி லேப்டாப்பைக் கேட்டுக்கொண்டிருந்த கோலத்தில் பால்காரர் வந்தார். "சாருக்கு வாதமா?" என்று மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனதாக அப்புறம் தெரிந்தது.

எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு கிர்ர்ர் பாக்கி நின்றது. அது லேப்டாப்பின் சொந்தக் கணக்கு.

கார்க்காரர்களுக்கு இந்த வியாதிக்கு மருந்து தெரியும். கதவுத் தகரம் அதிராமல் இருக்க உள்பக்கம் டேம்பிங் ஷீட் ஒட்டுகிறார்கள். சென்னையில் கார் சாமான் என்றால் ஜி.பி. ரோடு. மவுண்ட் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரிச்சி தெரு, அங்கே எலெக்ட்ரானிக்ஸ். இந்தப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, இங்கே கார். நியாயமாக நான் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டியவன்.

"எந்த வண்டி சார்?" என்றார் கடைக்காரர்.

"லேப்டாப்."

அவர் என் பின்னால் பார்த்தார், வேறு யாராவது பொறுப்பானவர் கூட வந்திருக்கிறாரா என்று. "நாலு டோருக்கா சார், இல்ல டிக்கிக்கும் சேர்த்தா?"

"உள்ளங்கை அளவு இருந்தால் போதும்."

"கட் பண்ணித் தர மாட்டோம் சார். பண்டலாத்தான்."

பண்டலாகத்தான் வாங்கினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரின் விலைக்குச் சற்றுக் கீழே என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் அருமையான பொருள். மேலே மெல்லிய அலுமினியம், அடியில் கெட்டியாக, பிசுக்கென்று ஒட்டுகிற பியூட்டைல் ரப்பர். தகரத்தில் ஒட்டிவிட்டால் ரப்பர் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. தகரம் வளையப் பார்க்கும். மேலே உள்ள அலுமினியம் விடாது. நடுவில் ரப்பர் இழுபடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பிள்ளை இழுபடுகிற மாதிரிதான். அந்த இழுபறியில் அதிர்வு வெப்பமாக மாறித் தீர்ந்துபோகிறது. எவ்வளவு வெப்பம் என்று பயப்பட வேண்டாம். இந்த மாதிரிக் குட்டி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை. நாள் முழுக்கக் கச்சேரி கேட்டாலும் காபி ஆறத்தான் செய்யும்.

நிறையப் பேர் ஸ்பாஞ்சைத் திணித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஸ்பாஞ்சு காற்றில் வரும் கீச்சொலியைக் கொஞ்சம் குடிக்கும். ஆடுகிற மூடியை அதட்டாது. லேப்டாப்புக்குள் ஃபேனுக்குக் காற்றுப் போகும் வழியை அடைத்து, சுகமாகக் கம்பளி போர்த்திவிட்டு, ஒரு மாதத்தில் மதர்போர்டுக்குச் சூடு வைத்துவிடும். கட்டிலில் தலையணைமேல் லேப்டாப்பை வைத்துப் படம் பார்ப்பவர்களும் இதையே திணிக்காமல் செய்கிறார்கள்.

திறக்கும் படலம். எதைக் கழற்றினாலும் திருகுகள் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துவந்து, திருகுகளைப் பிடித்துவைக்கத் தயாராக, கீபோர்டுக்கு முன்னால் மணிக்கட்டு வைக்கிற இடத்தில் வைத்தேன். திரை அணைந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவர் இன்னும் உறையிலிருந்துகூட வெளியே வரவில்லை. வீட்டில் ஒரு மௌனம். மனைவி எதுவும் சொல்லவில்லை, சொல்லாததுதான் கேட்டது. மகள் வந்து பார்த்துவிட்டுப் பிள்ளையாரை எடுத்து ஃப்ரிட்ஜில் திரும்ப ஒட்டினாள். லேப்டாப் கண் விழித்தது. மூடியை மூடினால் தூங்கிவிட வேண்டும் என்பதற்காக மூடியில் ஒரு காந்தமும், கீழே அதை மோப்பம் பிடிக்கும் ஒரு ஹால் சென்சாரும் பல லேப்டாப்புகளில் இருக்கின்றன. எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-இல் கண்டுபிடித்த விளைவு அது. பிள்ளையார் அதன் தலைக்குமேல் உட்கார்ந்ததும், மூடி மூடியாயிற்று என்று நினைத்துத் தூங்கிவிட்டது. விக்னம் தீர்க்கிறவரை வைத்தே விக்னம் செய்ய என்னால் முடியும் என்பது அன்று ஊர்ஜிதமாயிற்று.

காந்தம் போயிற்று, தாள் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் கழற்றிய இடத்திலேயே தாளில் குத்தி வைத்தேன். சிரிக்காதீர்கள், இது உண்மையிலேயே அவசியம். திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டைத் திருகு போகிற துளையில் நீளத் திருகை முறுக்கினால் மேல்பக்கம் புடைக்கும்; நேரம் சரியில்லையென்றால் உள்ளே போர்டையே துளைக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடுக்கில் செருகி நகர்த்திக்கொண்டே போனால் மூடியின் கொக்கிகள் டிக் டிக் என்று விடும். ஒவ்வொரு டிக்குக்கும் அடுக்களையிலிருந்து "உடைஞ்சுதா?" என்று குரல் வரும். திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்குவது. பேட்டரி உப்பியிருந்தால் அத்தோடு மூடிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், அப்போது எம்.டி.ஆர். முக்கியமில்லை.

உள்ளே ஸ்பீக்கர் இரண்டும் ஆளுக்கொரு சின்ன கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் சவ்வின் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி நேராக உடம்போடு முறுக்கப்பட்டிருக்காது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு குட்டி ரப்பர் புஷ் நடுவில் இருந்து அதிர்வை மூடிக்குப் போகாமல் தடுக்கும். வலது ஸ்பீக்கருக்கு எல்லாப் புஷ்ஷும் இருந்தன. இடதில் ஒன்று இல்லை. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் நேருக்கு நேர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. கீபோர்டு மாற்றுவதற்காக இந்த லேப்டாப் முன்பு ஒரு கடைக்குப் போய் வந்தது. கழற்றியதையெல்லாம் மாட்டித் தந்தார்கள், ஒரு மிளகு அளவு ரப்பரைத் தவிர. வவுச்சர் அகப்பட்டுவிட்டது!

சரி, ஜி.பி. ரோடு ஷீட்டை வெட்டி ஒட்டலாம் என்றால், அதன் கனம் 2 மில்லிமீட்டர். லேப்டாப்பின் வயிற்றில் அவ்வளவு இடம் எங்கே? ஒட்டி மூடினேன், மூடி உப்பிக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு மேல்பக்கம் அலுமினியம். போர்டில் பட்டால் ஷார்ட் சர்க்யூட். பண்டலைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வேலைக்கு வந்தது மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிள் ட்யூப். அதிலிருந்து வட்டமாக வெட்டி, நடுவில் பேப்பர் பஞ்ச் கருவியால் துளையிட்டு, புஷ் இருக்க வேண்டிய இடத்தில் செருகினேன். அடிமூடியின் உள்பக்கம், நாலு பக்கமும் பிடிப்பு இல்லாமல் விரிந்து கிடந்த நடுப்பகுதியில், இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். நடுவில் ஒட்டியதற்குக் காரணம் உண்டு: தகடு அங்கேதான் அதிகம் ஆடுகிறது, ஓரத்தில் எவ்வளவு ஒட்டினாலும் தண்டம். எங்கே ஆடுகிறது, எங்கே ஆடவில்லை என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787-இல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்னது. தகட்டின்மேல் மணலைத் தூவி அதிரவிட்டால், ஆடும் இடங்களை விட்டு மணல் ஓடி, ஆடாத கோடுகளில் போய் ஒதுங்கும். மணலுக்குப் பதில் ரவையைத் தூவிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அன்றிலிருந்து ரவை டப்பா எனக்கு எட்டாத மேல் ஷெல்ஃபில் இருக்கிறது.

ரவை என்றதும் சிரிக்க வேண்டியதில்லை. மிருதங்க வித்வான்கள் கச்சேரிக்கு முன்னால் தொப்பி என்ற இடது பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்புவது எதற்கு? தோலின் எடையைக் கூட்டி, சுருதியை இறக்கி, கும்கி என்ற ஆழ்ந்த ஒலியை வரவழைக்கத்தான். வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கறுப்புக் கரணையும் எடை வேலைதான். அது இருப்பதால்தான் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளில் விழுகின்றன என்று திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்னால். சரியான இடத்தில் ஒரு சிட்டிகை எடை வைப்பது நம் ஊரில் எத்தனையோ தலைமுறைகளாக நடக்கிறது. அந்தப் பரம்பரையில் கடைசியாக வந்த இன்சுலேஷன் டேப் என்னுடையது.

வெளியே இன்னொரு வேலை பாக்கியிருந்தது. லேப்டாப்பின் அடியில் நாலு மூலையிலும் இருக்க வேண்டிய ரப்பர் கால்களில் ஒன்று எப்போதோ விழுந்துவிட்டது. மூன்று காலில் நின்ற லேப்டாப், நாலாவது மூலையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் கால் புஷ் கேட்டு, அதைச் சீவி ஒட்டினேன். இங்கே ஓர் அளவு வேண்டும். அடிப்பக்கம் ஸ்பீக்கர் உள்ள லேப்டாப் மேசையில் மோதித்தான் ஒலியை நம் பக்கம் திருப்புகிறது. துணிமேல் வைத்தால் ஒலி துணிக்குள்ளேயே தங்கிவிடும். காலுக்கு ரப்பர், அடியில் வெறும் மேசை. அவ்வளவுதான்.

எல்லாம் மூடி, திருகெல்லாம் தாளிலிருந்து எடுத்து மாட்டி, ஒன்றுகூட மிஞ்சாமல் (இது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் முதல்முறை) எம்.டி.ஆரைப் போட்டேன். இறங்கினார். நின்றார். கிர்ர்ர் இல்லை. பக்கத்து ஸ்வரத்தின் கமகம் வரைக்கும் தனித்தனியாகக் கேட்டது. நான் மனைவியைப் பார்த்தேன்.

"என்னங்க, சத்தம் கம்மியாயிடுச்சே? முன்ன நல்லா கணீர்னு இருந்துச்சு."

அவள் சொன்னது சரி. இத்தனை நாள் கேட்ட சத்தத்தில் ஒரு பங்கு மூடியும் டம்ளரும் வாமனரும் போட்டது. அவர்களை எல்லாம் வாயை மூடச் சொல்லிவிட்டால் ஸ்பீக்கர் மட்டும்தான் மிச்சம், அது 2 வாட் ஆள். டேம்பிங் எதையும் கூட்டாது, தேவையில்லாததைக் கழிக்கும். தணிக்கையும் அதே ஜாதிதான், அதனால்தான் அதற்கும் யாரும் நன்றி சொல்வதில்லை.

மகள் வந்து ஈக்வலைசரைத் திறந்து, 190-ஐச் சுற்றி நாலு டெசிபல் இறக்கி, 100-க்குக் கீழே ஸ்பீக்கரால் எப்படியும் தர முடியாததை முழுக்க வெட்டிவிட்டு, மற்றதைக் கொஞ்சம் ஏற்றினாள். சத்தம் திரும்ப வந்தது, சுத்தமாக. "இதை முதல்லயே பண்ணியிருந்தா புஷ்ஷே வேண்டாம்பா" என்றாள். அது தவறு. மருந்து கொடுத்து வலியை அடக்குவது வேறு, முள்ளைப் பிடுங்குவது வேறு. இதை அவளிடம் விரிவாக விளக்கினேன். அவள் ஹெட்போன் மாட்டியிருந்தாள்.

கும்கி மட்டும் இன்னும் வரவில்லை. வராது. மிருதங்கத்தின் தொப்பி பேசும் அந்தக் கீழ் ஒலிக்கு டேப்பும் ட்யூபும் போதாது. அதற்குப் பெரிய சவ்வும் பெரிய பெட்டியும் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையே காற்றில் 3.4 மீட்டர் நீளம். அதைத் தலையணை உயரம்கூட இல்லாத ஒரு பெட்டியிலிருந்து கேட்பது பேராசை. தனி ஆவர்த்தனம் வந்தால் நானும் மற்றவர்களைப் போலக் காபிக்கு எழுந்துவிடுகிறேன்.

பண்டலைப் பற்றிச் சொல்லவில்லையே. எவர்சில்வர் சின்க்கின் அடியில் கம்பெனிக்காரர்களே ரப்பர் அட்டை ஒட்டி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விழும் சத்தமும் பாத்திரம் விழும் சத்தமும் குறைய. எங்கள் பழைய சின்க்குக்கு அது இல்லை. ஷீட்டை வெட்டி அடியில் ஒட்டினேன். அதுவரை காலை ஐந்தரைக்குப் பாத்திரம் போட்டால் தெருமுனைவரை கேட்ட இடத்தில், இப்போது தொம் என்று அடக்கமாக ஒரு சத்தம். மனைவி இரண்டு கரண்டிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நல்லாயிருக்கே" என்றாள். எனக்கு இந்த வீட்டில் இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்து வெகு நாளாகிறது. பீரோக் கதவு, வாஷிங் மெஷின் பக்கத் தகடு, தண்ணீர் மோட்டார் மூடி என்று ஒட்டிக்கொண்டே வந்தும் பண்டல் தீரவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் எவர்சில்வர் சின்க் உள்ளவர்கள் அளவெடுத்துக்கொண்டு வந்தால், இலவசமாகவே வெட்டித் தருகிறேன். லேப்டாப்புக்கு என்று கேட்டு வருபவர்கள் மட்டும், பக்கத்தில் டபரா டம்ளர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள்.